ஆண் நண்டின் மடி

வேதாளைக் கரையில் கம்பெனிக் கொட்டகை.
விடியுமுன் வந்து இறங்கும் தென்கடல் நண்டு.
வலையிலிருந்து கழற்றும்போதே கை பிரித்துவிடும்:
மடி குறுகி வேல்முனைபோல் இருந்தால் ஆண்,
அரைவட்டமாய் அகன்றிருந்தால் பெண்.
பதினோரு வருஷமாய்
கண்ணைக் கேட்டுக் கை முடிவெடுத்ததில்லை.

ஜெசிந்தா ஒவ்வொரு நண்டையும்
கும்பிடாத குறைதான்.
"கடைசிக் காலைப் பாருடி, துடுப்பு.
வேணும்னே சீவி வச்ச மாதிரி.
தச்சன் இல்லாம வத்தை உண்டா?"
எனக்குப் பதில் இருந்ததில்லை.
தேடியதுமில்லை.
அந்த நீல ஓட்டில் வெள்ளை வரியை
யாரோ ஒருவர் மூச்சடக்கித்தான்
இழுத்திருக்க வேண்டும் என்று
ஐஸ் அள்ளிக் கொட்டுகையில் நானும் நினைத்ததுண்டு.

மாசியில் ஒரு செவ்வாய்.
ஒரு நண்டு கைக்குப் பிடிபடவில்லை.
நீலம், நீளக் கொடுக்கு. ஆண்.
மடி மட்டும் பெண்ணுடையதுபோல் அகன்று
உள்ளே ஒரு மஞ்சள் உருண்டை.
முட்டை என்றால் மணல்மணலாய் நெருடும்.
இது வழவழவென்று இருந்தது.
"சினை நண்டு, கடல்ல விட்டுரு" என்றாள் ஜெசிந்தா.
"ஆம்பளைக்கு ஏதுடி சினை?"

மண்டபம் ஆபீசிலிருந்து
கணக்கெடுக்க வந்திருந்த திலகன்
கத்தரியால் ஓட்டைத் திறந்தான்.
லென்ஸை என் கையில் கொடுத்தான்.
ஈரலைச் சுற்றி, கால் சதைக்குள்,
நூலினும் மெல்லிய வேர்.

ஒட்டுண்ணியாம். தூசியளவில் நுழையுமாம்.
அதன்பின் நண்டு ஓடு உரிக்காது,
இணை தேடாது.
ஆணாயிருந்தால் மடி அகலும்.
உருண்டையைத் துடைக்கும்,
அதற்குத் தண்ணீர் விசிறும்,
நாள் நெருங்கினால் மேடேறி நின்று
கொடுக்கால் நீரைக் கலக்கி
தன் பிள்ளைகளை அனுப்புவதுபோல்
அதன் குஞ்சுகளை ஓட்டத்தில் அனுப்பி வைக்கும்.
விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில்
சொல்லி முடித்து நோட்டில் ஒன்று என்று எழுதினான்.

ஜெசிந்தா வெகுநேரம் பேசவில்லை.
துடுப்புக் காலைச் சீவிய உளி
இந்த வேரையும் சீவியிருக்கிறது.
எங்கும் ஒரு பிசிறு கிடையாது.
வேலைப்பாட்டைப் பார்த்துக் கையை அறிவது என்றால்
இரண்டும் ஒரே கை.
கை உண்டு என்றால்.

ஜெசிந்தாவிடம்கூட நான் சொன்னதில்லை.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
எடுத்த கட்டியை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள்.
ஒன்றேகால் கிலோ.
அதற்கு முன் நாலு மாதம்
புளிமாங்காய் தின்றேன்,
ஐஸ் பெட்டி தூக்க மறுத்தேன்,
ஒருக்களித்தே படுத்தேன்,
ஆளில்லாதபோது வயிற்றோடு பேசினேன்.
ஒரு பெயர்கூட இருந்தது.
கட்டி என்னை ஏமாற்றியது என்று
பழி போட முடியவில்லை. அதற்கு என்ன தெரியும்.
அன்பு என் உடம்பில் முன்பே
கொதித்து இறக்கிய சோறுபோல் இருந்தது,
யார் வந்து உட்கார்ந்தாலும் பரிமாற.

அதை வைத்தவன் நல்லவனா?
சும்மா, வந்ததா?
வைக்காமல் வந்திருந்தால்
இவ்வளவு சூடு எதற்கு?

பதினொரு மணிக்கு லாரி ஆரன் அடித்தது.
ஜெசிந்தா கையுறையை உதறிக்கொண்டே
யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
"தச்சன் ரெண்டு பேரா இருப்பாகளோ?"
கேட்டதற்குத் தானே பயந்து
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.
மீன் செதில் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டது.

கூடையடியில் இன்னொன்று கிடந்தது, அதே மாதிரி.
"கடல்ல விட்டுறாதீங்கக்கா, பரவும்" என்றான் திலகன்.
தூக்கிப் பிடித்தேன்.
காற்றில் கால்களை அசைத்து
இல்லாத தண்ணீரை
உருண்டைக்கு விசிறியது.
விரலால் தொடப்போனேன்.
மடியை இறுக்கி மூடிக்கொண்டது.